புறநகரில் சைக்கிள் பாதை போட்டாலும் யாரும் ஓட்டுவதில்லையே, ஏன்?

பெரும்பாலும் பாதை துண்டு துண்டாக இருக்கும். அதே தூரத்தை காரில் போவதுதான் சுலபமாகவும் இருக்கும். வெள்ளைக் கோடு போட்டுவிட்டு மக்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

நெதர்லாந்தில் உத்ரெக்ட் நகரை ஒட்டியுள்ள ஹவுட்டன் இதை வேறு மாதிரி அணுகியது. 1960களில் அது சிறிய கிராமம். வேகமாக வளரப் போகிறது என்று தெரிந்ததும், வீடுகள் எழும்பும் முன்பே ராப் டெர்க்ஸ் என்ற கட்டடக்கலைஞர் திட்டம் வரைந்தார். ஊரைச் சுற்றி ஒரு வட்டச் சாலை, நடுவில் ரயில் நிலையம். பக்கத்துக் குடியிருப்புக்கு காரில் போக வேண்டுமானால் பொதுவாக வட்டச் சாலைக்கு வெளியேறி, சுற்றிக்கொண்டு மறுபடி உள்ளே நுழைய வேண்டும். சைக்கிளும் நடையும் மட்டும் ஊருக்குள் நேராகப் போகலாம். பள்ளிகள், கடைகள் எல்லாம் அந்த நேர்வழியை ஒட்டியே. காருக்குத் தடை எதுவும் கிடையாது, சுற்றுவழிதான். என் கணக்கில் சூட்சுமமே இதுதான்.

அங்கே இப்போது சுமார் 50,000 பேர் வசிக்கிறார்கள். 2008இலும் 2018இலும் அந்நாட்டின் சிறந்த சைக்கிள் நகரம் என்ற விருதும் கிடைத்தது.

ஏற்கெனவே கட்டி முடிந்த புறநகரில் இதை அப்படியே செய்ய முடியாது. ஆனால் குடியிருப்புத் தெருக்களின் ஒரு முனையில் கம்பம் நட்டு, சைக்கிளும் ஆளும் மட்டும் புகும்படி விடலாம். செலவு குறைவு, எதிர்ப்புதான் அதிகம், முக்கியமாகக் கடைக்காரர்களிடமிருந்து. பள்ளியிலிருந்து ரயில் நிலையம் வரை ஒரே ஒரு வழியையாவது முதலில் முழுசாக இணைத்துவிடுங்கள்.