பெட்டியில் எழுதியிருக்கும் டிபிஐ எதைச் சொல்கிறது?

கேள்வி: குடும்பப் படங்களை வீட்டிலேயே அச்சிட இங்க் டேங்க் பிரிண்டர் ஒன்று வாங்க எண்ணியுள்ளேன். கடையில் ஒரு பெட்டியில் 5760 × 1440 டிபிஐ என்றும் இன்னொன்றில் 4800 × 1200 டிபிஐ என்றும் போட்டிருந்தது. எண் பெரிதாக இருப்பதையே வாங்கச் சொல்கிறார் விற்பனையாளர். உறவினர் வீட்டுப் பிரிண்டரில் தரத்தை 'ஹை' என்று வைத்துப் பளபளப்பான தாளில் ஒரு படம் எடுத்துப் பார்த்தோம். படத்தில் இருந்தவரின் கருங்கூந்தல் மீது விரல் பட்டதும் மை அப்பிக்கொண்டது. அது பிரிண்டரின் கோளாறா?

பதில்: முதலில் அந்த எண்ணைப் பார்த்துவிடுவோம். டிபிஐ என்பது ஓர் அங்குலத்தில் மைத்துளிகளை எத்தனை இடங்களில் வைக்க முடியும் என்பதன் கணக்கு. படத்தில் எத்தனை நுணுக்கம் தெரியும் என்பதன் கணக்கு அன்று. பிரிண்டரிடம் இருப்பவை சில மைகள் மட்டுமே. கன்னத்தின் மாநிறத்துக்கென்று தனியாக ஒரு மை கிடையாது என்பதால், மஞ்சள், மெஜந்தா (ஊதாச்சிவப்பு), சயான் (பச்சைநீலம்) துளிகளை இடைவெளி விட்டுத் தூவி, வெள்ளைத் தாளும் இடையிடையே தெரியும்படி செய்துதான் அந்த நிறத்தைக் கண்ணுக்குக் காட்டுகிறது. அங்குலத்துக்கு 360 பிக்சல் (படக் கோப்பின் மிகச் சிறிய நிறக் கட்டம்) என்று படத்தைப் பிரித்தால், 5760 × 1440 டிபிஐ உள்ள பிரிண்டரில் ஒரு பிக்சலின் இடத்தில் அகலவாக்கில் 16, நீளவாக்கில் 4 என 64 துளியிடங்கள் அமைகின்றன. அந்த 64 இடங்களும் ஒரே ஒரு பிக்சலின் நிறத்தை உருவாக்கவே செலவாகிவிடுகின்றன.

எண் பெரிதென்றால் படமும் மேல் என்று சொல்வதற்கில்லை. எப்சனின் நான்கு நிற எல்3250, ஆறு நிற எல்8050 ஆகிய இரண்டுக்குமே அதே 5760 × 1440தான் குறிப்பிடப்படுகிறது. ஆனால் ஆறு நிறப் பிரிண்டரில் இளம் சயானும் இளம் மெஜந்தாவும் கூடுதலாக இருப்பதால், வானம், தோல் போன்ற வெளிறிய பகுதிகளில் புள்ளி புள்ளியாகத் தெரிவது குறையும். ஆகவே எத்தனை மைகள் என்பதை முதலில் கேளுங்கள். மைத்துளியின் அளவு எத்தனை பிகோலிட்டர் (லிட்டரின் மிக நுண்ணிய பங்கு) என்பதை அடுத்துக் கேளுங்கள். அது சிறிதாக இருப்பது நல்லது. டிபிஐ பற்றிய கேள்வி இவ்விரண்டுக்கும் பின்னால் வரட்டும்.

கூந்தல் அப்பிக்கொண்டதற்கு, பெரும்பாலும், பிரிண்டர் காரணமாக இருக்காது. தரத்தை மாற்றிய நீங்கள் 'பேப்பர் டைப்' என்னும் அமைப்பைச் சாதாரணத் தாள் என்றே விட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். பல இங்க் டேங்க் பிரிண்டர்களில் வண்ண மைகள் சாய மைகளாகவும் (நிறம் கரைந்திருப்பவை), எழுத்து அச்சிடுவதற்கான கறுப்பு மட்டும் நிறமி மையாகவும் (நிறம் நுண்துகள்களாக மிதப்பது) இருக்கின்றன. சாய மையைப் பளபளப்பான தாளின் பூச்சு உறிஞ்சிக்கொள்ளும். நிறமி மையோ அதன்மேல் படிந்தபடியே நிற்கும். தாள் எதுவென்று சரியாகச் சொல்லியிருந்தால், இத்தகைய பிரிண்டர்களில் பல அந்தக் கறுப்பை ஒதுக்கிவிட்டு, மூன்று வண்ண மைகளையும் கலந்தே கருமையை உண்டாக்கியிருக்கும். எவ்வளவு மை தெளிப்பது, எந்த விகிதத்தில் கலப்பது என்பனவெல்லாம் இந்த ஒரு தேர்வைப் பொறுத்தவை. அதைத் தவறாக வைத்துவிட்டுத் தரத்தை எவ்வளவு உயர்த்தினாலும் பயனில்லை. தாளின் பூச்சுள்ள பக்கத்தில்தான் அச்சிட்டீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பிழையை நானே இருமுறை செய்திருக்கிறேன்.

தர அமைப்புக்கு வருவோம். 'டிராஃப்ட்' படங்களுக்கு உதவாது. 'ஸ்டாண்டர்டு', 'ஹை' இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, மை தெளிக்கும் தலைப்பகுதி ஒரே இடத்தின் மீது எத்தனை முறை ஓடித் துளிகளை நிரப்புகிறது என்பதில் பெரிதும் அடங்கியிருக்கிறது. ஓட்டம் கூடக் கூடக் கிடைமட்டக் கோடுகள் மறையும், நேரம் நீளும். 'பை-டைரக்ஷனல்' அல்லது 'ஹை ஸ்பீடு' என்ற குறி இருந்தால், தலை போகும்போதும் வரும்போதும் அச்சிடுகிறது என்று பொருள். மெல்லிய கோடுகள் இரட்டையாகத் தெரிந்தால் அதை நீக்கிப் பாருங்கள். 4 × 6 அங்குலப் படத்தை 'ஸ்டாண்டர்டு', 'ஹை' இரண்டிலும் ஒவ்வொன்று எடுத்து, கையில் பிடித்துப் பார்க்கும் தூரத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கன்னத்தின் நிழலில் வேறுபாடு தெரியவில்லையென்றால் ஸ்டாண்டர்டே போதும்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் வந்த பாட்டியின் படத்தை ஏ4 அளவில் மிக உயர்ந்த தரத்தில் அச்சிட்டும் மங்கலாகவே வந்தது. ஏன்?

பதில்: பிரிண்டர் எவ்வளவு நுணுக்கமாகத் துளி வைத்தாலும், கோப்பில் இல்லாத விவரத்தை அதனால் வரவழைக்க முடியாது. வாட்ஸ்அப் வழக்கமான தரத்தில் அனுப்பும் படத்தின் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலாகச் சுருங்கிவிடுகிறது. ஏ4 தாளின் நீளம் 11.7 அங்குலம், வகுத்தால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 137 பிக்சலே தேறும். கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு 300 இருப்பது நல்லது. ஏ4 தாளுக்கு அது 2480 × 3508 பிக்சல். அதே கோப்பை 4 × 6 அளவில் எடுத்தால் 267 வரை கிடைக்கும் என்பதால் தெளிவாகவே வரும். பெரிதாகத்தான் வேண்டுமென்றால், எடுத்தவரிடம் மூலப் படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். அவ்வாறு அனுப்பும்போது படம் சுருக்கப்படுவதில்லை.