பயிற்சிக்குப் பிறகு மோதிரம் இறுகியது ஏன்?

கேள்வி: எனக்கு 41 வயது, எடை 52 கிலோ. சொந்த ஊர் திருச்சி. பல ஆண்டுகளாகப் பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். கோவாவில் நடக்கும் அயர்ன்மேன் 70.3 ட்ரையத்லானுக்கு (1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21 கிலோமீட்டர் ஓட்டம் ஆகிய மூன்றையும் தொடர்ந்து செய்யும் பந்தயம்) முதன்முறையாகப் பெயர் கொடுத்திருக்கிறேன். இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. போன ஞாயிறு காலை 90 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டிவிட்டு, உடனே 12 கிலோமீட்டர் ஓடினேன். நீர்ச்சத்து குறையக் கூடாது என்று கால் மணிக்கு ஒரு தம்ளர் வீதம், ஆறு மணி நேரத்தில் ஆறு லிட்டர் தண்ணீர் குடித்தேன். முடித்ததும் கடுமையான தலைவலி, இரண்டு முறை வாந்தி. மோதிரம் விரலில் இறுகிக்கொண்டது. எடை பார்த்தால் 53.2 கிலோ. தண்ணீர் போதவில்லை என்று கணவர் உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்தார். குடிக்கக் குடிக்கத் தலைவலி கூடியது. மாலையில்தான் தெளிந்தது. முழங்கால் வலிக்காக நீண்ட பயிற்சிக்கு முன் டைக்ளோஃபெனாக் மாத்திரை ஒன்று போட்டுக்கொள்வேன். ஹீமோகுளோபின் 10.4. "கடலில் நீந்தினால் நெஞ்சு அடைத்துவிடும்" என்று அம்மா பயப்படுகிறார். இன்னும் எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?

பதில்: கூட்டுவதற்கு எதுவும் இல்லை, குறைக்க வேண்டும். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. ஆறு மணி நேரம் சைக்கிள் மிதித்து ஓடிய உடலின் எடை அரைக் கிலோ, ஒரு கிலோ குறைவதுதான் இயல்பு. உங்களுக்கு ஒரு கிலோவுக்கு மேல் கூடியிருக்கிறது. வியர்வையாகவும் சிறுநீராகவும் போனதைவிட அதிகமாகக் குடித்திருக்கிறீர்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் இல்லை. மோதிரம் இறுகியதும் அதனால்தான்.

அன்றே இரத்தம் எடுத்துப் பார்க்காததால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் நீங்கள் விவரிப்பது, இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும் ஹைப்போநட்ரீமியாவின் படம். சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் இந்தப் பெயர். மிகவும் இறங்கினால் மூளை வீங்கும்: முதலில் தலைவலி, வாந்தி; பிறகு குழப்பம், வலிப்பு, நினைவிழப்பு. இதனால் உயிரிழந்த நெடுந்தூர ஓட்டக்காரர்கள் உண்டு. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானை முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடியவர்கள், மெதுவாக ஓடி அதிக நேரம் எடுத்தவர்கள் ஆகியோரிடம் இது அதிகம். சிறிய உடம்புக்காரர்களும் கவனமாக இருக்க வேண்டும். வேகமாக ஓடுபவருக்குக் குடிக்க நேரமே இருக்காது. நம்மைப் போன்றவர்களுக்குத்தான் வழியில் தண்ணீர் வைத்திருக்கும் ஒவ்வொரு மேசையிலும் நின்று குடிக்க அவகாசம் கிடைக்கிறது.

"அதிகமானால் சிறுநீராகப் போய்விடாதா?" என்று கேட்பீர்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் போய்விடும். நீண்ட உழைப்பு, வலி, குமட்டல் ஆகியவற்றின்போது, சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் மூளையிலிருந்து சுரந்து, நீரை வெளியேற்றாதே என்று சிறுநீரகத்துக்கு உத்தரவிடுகிறது. டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் அந்த உத்தரவை இன்னும் பலமாக்கும். சிறுநீரகத்துக்கு வரும் இரத்த ஓட்டத்தையும் குறைக்கும். எனவே பயிற்சிக்கு முன்போ போட்டியன்றோ வலி மாத்திரை கூடவே கூடாது. மாத்திரை இல்லாமல் 21 கிலோமீட்டர் ஓட முடியாத முழங்காலை இப்போதே எலும்பு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டுங்கள்.

உப்புக் கரைசல் கொடுத்தும் ஏன் மோசமானது? நம் இரத்தத்தில் சோடியம் லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல்; மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். கரைசலில் 75தான். விளையாட்டு பானங்களில் அதைவிடக் குறைவு, இளநீரிலும் சோடியம் சொற்பம். எதை அளவுக்கு மீறிக் குடித்தாலும் இரத்தம் நீர்த்துத்தான் போகும். உப்பு மாத்திரைகளும் இதிலிருந்து காப்பாற்றாது.

வழி எளிது. தாகம் எடுத்தால் குடியுங்கள். கடிகாரம் பார்த்துக் குடிக்காதீர்கள். அடுத்த நீண்ட பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த எடையோடு குடித்த அளவைக் கூட்டி, அதிலிருந்து சிறுநீராகப் போன அளவைக் கழித்து, பயிற்சி செய்த மணிக்கணக்கால் வகுத்தால், மணிக்கு உங்கள் வியர்வை அளவு கிடைக்கும். அதற்கு மேல் ஒருபோதும் போக வேண்டாம்.

ஆனால் பெங்களூரு கணக்கு கோவாவுக்குப் பொருந்தாது. நீங்கள் பயிற்சி செய்வது கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், இளங்காற்றில்; அங்கே வியர்வை காயாத புழுக்கம். உடல் வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். விட்டுவிட்டால் சில வாரங்களில் அந்தப் பழக்கம் கரைந்துவிடும். போட்டிக்கு முந்தைய மூன்று வாரத்துக்குள், முடிந்தால் பத்து நாள், திருச்சியில் அம்மா வீட்டில் தங்கி வேலை பாருங்கள். காலை ஒன்பது மணிக்கு மேல் காவிரிக் கரையில் மெதுவாக ஓடினால், எந்தப் பயிற்சியாளரும் விற்க முடியாத வெயில் இலவசமாகக் கிடைக்கும். எடைக் கணக்கை அங்கே மறுபடி பாருங்கள். அம்மாவின் பயமும் கொஞ்சம் தணியலாம்.

அந்தப் பயத்தை நான் சிரித்து ஒதுக்க மாட்டேன். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை ட்ரையத்லான்களில் நேர்ந்த மரணங்களும் திடீர் இதய நிறுத்தங்களும் 135. அவற்றில் 90 நீச்சலின்போது. பெரும்பாலோர் ஆண்கள், நடந்த பந்தயங்களோடு ஒப்பிட்டால் மிக அரிது. ஆனாலும் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, ஈ.சி.ஜி. பார்த்துவிடுங்கள். குடும்பத்தில் இளவயது மாரடைப்போ, உங்களுக்கு ஓடும்போது நெஞ்சுவலி, மயக்கமோ இருந்தால் இதய மருத்துவரைப் பார்க்காமல் தண்ணீரில் இறங்க வேண்டாம். நீச்சல் குளத்தில் மட்டுமே பழகியவர் 1.9 கிலோமீட்டர் கடலை முதன்முதலில் போட்டியன்று பார்க்கக் கூடாது. மூச்சுத் திணறினால் கையை உயர்த்துங்கள். மீட்புப் படகைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். அதைப் பிடித்து முன்னேறாதவரை தகுதி இழப்பு கிடையாது.

ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12க்குக் கீழே இருந்தாலே இரத்தசோகை. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனை பாருங்கள், மாதவிடாய் அதிகமென்றால் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். இரும்பு மாத்திரையைக் காபியோடு சேர்த்து விழுங்காதீர்கள். ஆறு வாரத்தில் ஓரளவு ஏறும், முழுதாக ஏறாது. ஏறவில்லை என்றால் போட்டியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள். போட்டியை முடிக்கத் தரும் எட்டரை மணி நேரக் கெடுவை இரத்தசோகையோடு துரத்த வேண்டாம்.

உங்கள் கணவருக்கு ஒரு சொல். பந்தயத்தில் இவருக்குத் தலைவலியும் வாந்தியும் வந்தால், குடிக்க எதுவும் கொடுக்காமல் மருத்துவக் கூடாரத்துக்கு அழைத்துப் போங்கள். எவ்வளவு குடித்தார் என்பதையும் போன முறை எடை கூடியதையும் சொல்லி, டிரிப் ஏற்றும் முன் சோடியம் பார்க்கக் கேளுங்கள். குழப்பமாகப் பேசினாலோ வலிப்பு வந்தாலோ தேவைப்படுவது 3 சதவீத அடர் உப்புக் கரைசல். சாதாரண டிரிப் அந்த நேரத்தில் நிலைமையை மோசமாக்கக்கூடும்.