பனியே இல்லாத ஊர்ல கூலண்ட் எதுக்கு?

கேள்வி: அண்ணே, நாகப்பட்டினத்துல விசைப்படகு வச்சிருக்கோம், அப்பாவுக்கு அப்புறம் நான்தான் பாத்துக்கிறேன். என்ஜின் சூடேறாம வச்சிருக்கிற கூலண்டை மாத்தணும்னு மெக்கானிக் சொல்றாரு. டப்பால ஆன்டிஃப்ரீஸ்னு போட்டிருக்கு, தண்ணி உறையாம இருக்கத்தானே அது? நம்ம ஊர்ல எங்க உறையப் போகுது, வெறும் தண்ணி ஊத்தினா போதாதா? இன்னொண்ணு, போன வருசம் மீன்பிடி தடைக்காலம் முடிஞ்சு முத நாள் போனப்ப கூலண்ட் ஃபுல்லா இருந்தும் என்ஜின் சூடேறிடுச்சு, ஏன்?

பதில்: தம்பி, உறையாம காக்கிறது அதோட ஒரு வேலைதான். நமக்கு வேண்டியது மத்த ரெண்டும். துரு புடிக்க விடாது, தண்ணி 100 டிகிரில கொதிக்கும்னா பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் அதைத் தாண்டித்தான் கொதிக்கும். வெறும் தண்ணி ஊத்தினா என்ஜின் பிளாக் உள்ளாற துரு ஏறும், அதுவும் போர் தண்ணின்னா பாத்திரத்துல படியுற மாதிரி வெள்ளையா படிஞ்சு சூடு வெளிய போகவே விடாது. டிஸ்டில்டு வாட்டர்ல கலந்து ஊத்துங்க, இல்ல கலந்தே வர்றதை வாங்குங்க.

இப்ப ரெண்டாவது. உங்க என்ஜின்ல ரெண்டு தண்ணி ஓடுது. கூலண்ட் உள்ளாறயே சுத்துது, கடல் தண்ணி வெளியேர்ந்து வந்து ஹீட் எக்ஸ்சேஞ்சர்ல அந்தச் சூட்டை வாங்கிட்டு கடலுக்கே போயிடுது. கடல் தண்ணி வரலேன்னா கூலண்ட் எவ்வளவு இருந்தும் பிரயோசனம் இல்ல. அதை இழுக்கிறது பம்புக்குள்ள சுத்துற, இதழ் இதழா இருக்கிற ரப்பர் சக்கரம், இம்பெல்லர்னு சொல்லுவாங்க. தடைக்காலத்துல ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் ஒரே நிலையில மடங்கிக் கெடந்த ரப்பர், ஸ்டார்ட் பண்ணினதும் இதழ் இதழா பிஞ்சு போகும், கரையில ஏத்தி வச்சிருக்கிறப்ப தண்ணி இல்லாம சும்மா ஓட்டிப் பாத்தாலும் கொஞ்ச நேரத்துல பொசுங்கிடும். உங்களுக்கும் அதுவாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன். புது இம்பெல்லர் போட்டா மட்டும் போதாது, பிஞ்ச துண்டு எங்க போச்சு? ஒரு படகுல ஹீட் எக்ஸ்சேஞ்சர் மூடியைக் கழட்டினப்ப குழாய் வாய்ல கறுப்பா நாலு துண்டு அடைச்சுக்கிட்டு இருந்துச்சு, பழைய இம்பெல்லரோட வச்சுப் பாத்தா அஞ்சு இதழ் காணோம், அந்த அஞ்சாவதைத் தேடி எடுக்கிற வரைக்கும் நான் மூடியைப் போடலை.

அங்கயே ஜிங்க் கம்பி ஒண்ணு இருக்கும், உப்புத்தண்ணி குழாயை அரிக்காம முதல்ல தன்னை அரிக்கக் குடுக்கிறது அதுதான், பாதி கரைஞ்சிருந்தா மாத்திடுங்க. அதை விட்டா குழாய் ஓட்டை ஆகும். என்ஜின் கீழ ஒரு சொட்டு ஒழுகாது, ஆனா கூலண்ட் குறைஞ்சுக்கிட்டே வரும், ஓட்டை வழியா கடலுக்குப் போகுது, என்ஜின் ஆறினப்புறம் உப்புத்தண்ணி உள்ள வரவும் வாய்ப்பு இருக்கு.

பழைய கூலண்டை துறையில கொட்டிடாதீங்க. அதுல இருக்கிற எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனா விஷம், நாய் நக்கினா செத்துடும், பிள்ளைங்க கைக்கு எட்டாத எடத்துல கேன்ல மூடி வைங்க. சூடா இருக்கிறப்ப மூடியைத் தொறக்கவே கூடாது, மூஞ்சி வெந்துடும். இந்த வருசம் படகைக் கட்டும்போதே கடல் தண்ணி போற வழில நல்ல தண்ணியை ஓடவிட்டு உப்பை அலசிட்டு, இம்பெல்லரைக் கழட்டி வச்சிடுங்க, ஜூன்ல இறங்குறதுக்கு முன்னாடி புதுசு மாட்டிக்கலாம்.