வாசகர் கேள்விகள்: மான் வேட்டைக்குப் போன இரண்டு நாள்

சென்ற இதழில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பக்கத்து வீட்டாரோடு மான் வேட்டைக்குப் போய்வந்தேன் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரிக்கு வந்த கடிதங்களில் மூன்றை எடுத்துக்கொள்கிறேன்.

மானைக் கொல்வதைப் பார்க்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது? இங்கே மானைச் சுட்டால் ஜெயில். அங்கே கேட்பாரே இல்லையா? (வாசகி, கும்பகோணம்)

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. சென்னையில் படித்த காலத்தில் கிண்டிப் புள்ளிமான்களைப் பார்ப்பதற்காகவே பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்தவள் நான். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டையைத் தடுத்தது சரிதான். அது அப்படியே இருக்கட்டும் என்பதுதான் என் எண்ணம்.

இங்கே கதை வேறு. 1900 வாக்கில் அமெரிக்கா முழுவதும் சேர்த்தே வெள்வால் மான்கள் 5 லட்சம்தான் மிஞ்சியிருந்தன என்பார்கள். கறிக்கும் தோலுக்கும் சந்தையில் விற்கவென்றே சுட்டுத் தீர்த்திருந்தார்கள். அதன் பிறகுதான் உரிமம், பருவம், அளவு எல்லாம் வந்தன. காட்டு மான் கறியை விற்பது இன்றைக்கும் குற்றம். இப்போது மான்கள் சுமார் 3 கோடி. நாங்கள் இருக்கும் தென்பகுதியில் அவற்றைத் தின்னும் ஓநாய் அரிது. ஓக் கன்று முளைத்தால் மான் கடித்துவிடும், இரவில் கார் முன்னால் பாயும். நவம்பர் கடைசியில், நன்றி தெரிவிக்கும் நாள் என்ற பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள்தான் துப்பாக்கி வேட்டைக்கான பருவம். இந்த ஒரு மாநிலத்தில் மட்டும் 5 லட்சம் பேருக்கு மேல் உரிமம் வாங்குகிறார்கள். சுட்ட மானை மறுநாள் மாலை 5 மணிக்குள் பதிவு செய்துவிட வேண்டும்.

மனம் எப்படி வந்தது என்று கேட்டீர்கள். என் கணவர் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த குளிர்காலம் முழுக்க, எங்கள் வாசல் பனியை வாரிப் போட்டவர் அந்தப் பக்கத்து வீட்டுப் பெரியவர். அவர் கூப்பிட்டார், போனேன்.

அங்கே என்னதான் நடக்கும்? ஆரம்பத்திலிருந்து சொல்லுங்களேன். (வாசகர், திருநெல்வேலி)

வெள்ளி மாலை ரிச்லண்ட் மாவட்டத்தில் அவர்களுடைய மரக்குடிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். பெரியவர், இரண்டு மகள்கள், ஒரு மருமகன், 12 வயதுப் பேரன், பெரியவரோடு பால் பண்ணையில் வேலை பார்த்த இரண்டு நண்பர்கள், அப்புறம் நான். ஒரு பெரிய பானை நிறைய பீன்ஸும் கறியும் கொதித்தது. சீட்டாட்டம் நடந்தது. ஒன்பது மணிக்கெல்லாம் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

காலை நாலு மணிக்கு எழுந்தோம். மைனஸ் 6 டிகிரி. இடுப்புக்கு மேல் போடும் உடையில் பாதியாவது பளீரென்ற ஆரஞ்சாகவோ ரோஜா நிறமாகவோ இருக்க வேண்டும் என்பது சட்டம். மனிதக் கண்ணுக்குத்தான் அது பளீர், மானுக்கு அந்த நிறம் எடுப்பாகத் தெரியாது. நான் பெரியவரோடும் பேரனோடும் பரணில் ஏறிக்கொண்டேன். பையன் இன்னும் பயிற்சி வகுப்பு முடிக்காததால், அவர் கை எட்டும் தூரத்திலேயே இருந்தாக வேண்டும்.

விடிந்து ஒரு மணி நேரம் இருக்கும். மேட்டு உச்சியில் கொம்புள்ள மான் ஒன்று வந்து நின்றது. பையன் துப்பாக்கியைத் தூக்கினான். பெரியவர் அவன் தோளில் கை வைத்து, "அதன் பின்னால் என்ன இருக்கிறது, பார்" என்றார். வெறும் வானம். குண்டு தவறினால் மேட்டைத் தாண்டி எங்கே போய் விழும் என்று யாருக்குத் தெரியும்? பையன் துப்பாக்கியை இறக்கினான். மான் வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது. அந்த இரண்டு நாளில் நான் பார்த்ததிலேயே பெரிய காரியம் இதுதான்.

சாயங்காலம் மூன்றரைக்கு இன்னொன்று பள்ளத்தில் இறங்கியது. பின்னால் மண்மேடு. சுட்டான். அது விழவில்லை, ஓடியது. உடனே துரத்தினால் அடிபட்ட மான் இன்னும் தூரம் ஓடும் என்பதால் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். பிறகு குடும்பமே வரிசை கட்டித் தேடியது. ஓக் சருகில் மிளகளவு ரத்தத்துளி தெரியும் இடத்திலெல்லாம் ஒரு துண்டு வெள்ளைக் காகிதம் வைத்துக்கொண்டே போனார்கள். இருட்டிவிட்டது. நான் திரும்பிவிடலாமா என்றேன். "சுட்டவன் கண்டுபிடித்தே ஆக வேண்டும்" என்றார் பெரிய மகள். டார்ச் வெளிச்சத்தில் இன்னும் இரண்டு மணி நேரம். ஓடைக்கரையில் கிடந்தது. பையன் அழுதான். யாரும் அவனை அடக்கவில்லை.

பெரியவர் கத்தியை எடுத்து வயிற்றைக் கிழித்துக் குடலை எடுத்தார். குளிரில் ஆவி எழுந்தது. நான் அதன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். மயிர் ஒவ்வொன்றும் முரடாக, விறைப்பாக இருந்தது. குளிர்கால மயிர் உள்ளே குழல்போல் காலியாக இருக்கும், உடம்புச் சூடு வெளியே போகாது என்று அவர் சொல்லித்தான் தெரியும்.

கறி சாப்பிட்டீர்களா? (வாசகி, மதுரை)

சாப்பிட்டேன், ஆனால் உடனே இல்லை. 2002-இல் இந்த மாநில மான்களிடம் ஒரு மூளை நோயைக் கண்டுபிடித்தார்கள். உருக்குலைந்த ஒரு புரதத்தால் வருவது, எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. மனிதருக்குத் தொற்றியதாக நிரூபணம் இல்லை. ஆனாலும் நோயுள்ள மானைச் சாப்பிட வேண்டாம் என்றே சுகாதாரத் துறை சொல்கிறது. நாங்கள் போன பக்கம்தான் அது அதிகம். அதனால் தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, கறியை உறையவைத்துக் காத்திருந்தார்கள். தொண்டை நிணநீர்க் கட்டியைப் பார்த்துச் சொல்வார்கள், கட்டணம் இல்லை. இரண்டு வாரம் கழித்து, நோய் கண்டறியப்படவில்லை என்று பதில் வந்தது.

எனக்கும் ஒரு பங்கு வந்தது. கொழுப்பே இல்லாத கறி, கொஞ்சம் அதிகமாக வெந்தாலும் தோல்போல் ஆகிவிடும். முதுகுக்கறியை மெல்லியதாக நறுக்கி, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், நிறைய மிளகு, மல்லித்தூள் போட்டுச் சட்டென்று வதக்கி இறக்கினேன். கால்கறிக்குக் குக்கரில் ஏழு விசில். ஒரு பாத்திரம் நிறைய பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். மறுநாள் பையன் பாத்திரத்தைக் கொண்டுவந்தான். உள்ளே அவன் பாட்டி சுட்ட ஆப்பிள் கேக் இருந்தது. மிளகு போட்டது இன்னும் இருக்கிறதா என்று கேட்டான்.