கோயில் தேதி முதலில், மண்டபம் அப்புறம்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கத்தோலிக்கக் கோயில் கல்யாணம் பற்றித்தான். பங்கு (ஒரு கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பங்களின் வட்டாரம்) அலுவலகத்தில் பதினொரு வருஷம் பதிவேடு எழுதியவள் என்று ஒருமுறை இங்கே உளறிவிட்டேன், அதன் பலன். சரி, தெரிந்தவரை சொல்கிறேன்.

கே: மகனுக்கு 2027 பிப்ரவரி 22, திங்கள்கிழமை கல்யாணம் என்று மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டோம். இப்போது பங்குத்தந்தை, "அது தவக்காலம், முடியாதும்மா" என்கிறார். பெண் வீட்டுக்கு எப்படி முகம் காட்டுவது?
- பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

ப: அம்மா, நீங்கள் முதல் ஆள் இல்லை. வருஷத்துக்கு நாலு குடும்பமாவது இப்படி ரசீதோடு அலுவலக வாசலில் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். 2027-இல் சாம்பல் புதன் பிப்ரவரி 10, ஈஸ்டர் மார்ச் 28. நடுவில் இருப்பதெல்லாம் தவக்காலம். கல்யாணமே கூடாத நாட்கள் என்று பார்த்தால் பெரிய வெள்ளியும் பெரிய சனியும்தான், ஆனால் நம் ஊர்ப் பங்குகளில் தவக்காலம் முழுக்கவே தவிர்த்துவிடுவதுதான் வழக்கம், அதைச் சொல்லி ஃபாதரிடம் வாதாடப் போகாதீர்கள், ஜெயித்தாலும் பூ அலங்காரம் இல்லாத பீடத்தின் முன்னால்தான் கல்யாணம் நடக்கும். ஆயர் (பிஷப்) இல்லம் வரை சிபாரிசு பிடிக்க வேண்டாம் என்பதும் என் கருத்து. அந்த ஃபாதர்தான் நாளை உங்கள் பேரனுக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்போகிறவர்.

மண்டபக்காரரிடம் இன்றே பேசுங்கள். பிப்ரவரி 10-க்கு முன்னால் ஒரு நாள், இல்லையென்றால் ஈஸ்டர் முடிந்த வாரம். பணத்தைத் திருப்பிக் கேட்டால்தான் முகம் சுளிப்பார்கள், தேதியை மாற்றக் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். தை முகூர்த்தங்களுக்கு எல்லாரும் அடித்துக்கொள்வதால் முந்தின தேதி கிடைப்பது கஷ்டம், அதனால் ஈஸ்டருக்குப் பிறகு என்பதையே பெண் வீட்டில் முதலில் சொல்லிப் பாருங்கள். புதுத் தேதியைப் பேசும்போது பங்குத் திருவிழா எப்போது என்றும் கேளுங்கள். கொடியேறிவிட்டால் பத்து நாளும் கோயில் உங்கள் கையில் இருக்காது.

இன்னொன்று, ஓலை, அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோயிலில் வாசிக்கும் அறிவிப்பு. மூன்று ஞாயிறு, மாப்பிள்ளை பங்கிலும் பெண் பங்கிலும் வாசிக்க வேண்டும். அது முடிந்து தடையில்லை என்ற கடிதம் ஒரு பங்கிலிருந்து கல்யாணம் நடக்கும் பங்குக்குப் போய்ச் சேர வேண்டும். அழைப்பிதழ் அச்சடிக்க மூன்று மாதம் இருக்கும்போதே ஃபாதரைப் பார்த்துவிட்டால் இதெல்லாம் தானாக நடக்கும். மூன்று வாரம் இருக்கும்போது போனால் எல்லாருக்கும் ரத்தக் கொதிப்பு.

கே: எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம், வேலை பெங்களூரில். ஞானஸ்நானச் சான்றிதழ் லேமினேட் செய்து பத்திரமாக வைத்திருக்கிறேன், அது செல்லாது, புதிதாக வாங்கி வா என்கிறார்கள். அதோடு அதில் என் பெயர் வேறு, ஆதாரில் வேறு.

ப: தம்பி, செல்லாது என்று சொல்வது வீம்புக்காக இல்லை. நீங்கள் ஞானஸ்நானம் பெற்ற கோயிலின் பதிவேட்டில் உங்கள் வரிக்குப் பக்கத்தில் ஓரமாக ஒரு இடம் இருக்கும். பிற்பாடு உறுதிபூசுதல் (ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) எப்போது, கல்யாணம் எப்போது, யாரோடு என்பதெல்லாம் அங்கேதான் ஏறும். அந்த ஓரம் இன்னும் காலியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் புதிய சான்றிதழ் கேட்கிறார்கள், பொதுவாக ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். லேமினேட் செய்த தாள் நீங்கள் குழந்தையாக இருந்தபோது நடந்ததை மட்டும்தான் சொல்லும்.

பெயர் விஷயம் எனக்கு நன்றாகப் பழகியது. பதிவேட்டில் சூசை மரியான் என்று இருக்கும், பள்ளியில் சேர்த்த மாமா வேறு ஏதோ நாகரிகமாக வைத்திருப்பார். பழைய பதிவேடுகளில் மை மங்கி, ஒரு எழுத்தை இன்னொன்றாகப் படித்து எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு (நானே செய்திருக்கிறேன், மன்னிக்கவும்). இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று காட்ட அப்பா அம்மா பெயர், பிறந்த தேதி ஒத்துப்போகும் பள்ளிச் சான்றிதழைக் கொண்டுபோய் ஃபாதரிடம் நேரில் பேசுங்கள். கல்யாணப் பதிவேட்டில் எந்தப் பெயர் ஏறப்போகிறது என்பதை அன்றைக்கே முடிவு செய்யுங்கள், பாஸ்போர்ட் நேரத்தில் அழ வேண்டாம்.

பெங்களூரில் நீங்கள் போகும் பங்கிலிருந்தும் ஒரு கடிதம் கேட்பார்கள். அங்கே எந்தப் பங்குக்கும் போகவில்லை என்றால் இந்த ஞாயிறே போக ஆரம்பியுங்கள். திருமணத் தயாரிப்பு வகுப்புக்கு லீவு எடுக்க வேண்டியிருக்கும், அதை அங்கேயே முடித்துச் சான்றிதழ் கொண்டுவரலாமா என்று ஊர் ஃபாதரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கே: அத்தை மகனைத்தான் கட்டப்போகிறேன். முறைதானே, இதற்கும் அனுமதியா?

ப: ஆமாம்மா, அனுமதி வேண்டும். நமக்கு அது முறை, திருச்சபைச் சட்டத்துக்கு அது திருமணத் தடை. உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் வரைக்கும் தடை உண்டு. ஆயரிடம் விலக்கு வாங்கினால் கல்யாணம் நடக்கும், மனுவைப் பங்குத்தந்தையே அனுப்புவார். நம் பக்கத்தில் இது அடிக்கடி வருகிற மனு என்பதால் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் சொந்தம் என்பதை மறைத்து ஓலை கொடுக்காதீர்கள். ஓலை வாசிப்பதே தடை தெரிந்தவர்கள் வந்து சொல்வதற்காகத்தான், நம் ஊரில் சொல்லாமல் விடுவார்களா என்ன.

கே: மாப்பிள்ளை இந்து. மதம் மாறாவிட்டால் கோயிலில் கல்யாணம் இல்லை என்று சித்தப்பா சொல்கிறார்.

ப: சித்தப்பா சொல்வது தவறு. ஆயரின் விலக்கு வேண்டும், கத்தோலிக்கரான நீங்கள் உங்கள் விசுவாசத்தைக் காப்பதாகவும் பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க முடிந்ததைச் செய்வதாகவும் வாக்குக் கொடுக்க வேண்டும், அந்த வாக்கு மாப்பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். 1872-ஆம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டமும் இருவரில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே பொருந்தும்.

கே: வெயிலுக்குப் பயந்து இரவு எட்டு மணிக்குக் கோயிலில் வைக்கலாமா?

ப: அதே சட்டப்படி காலை 6 முதல் மாலை 7 வரைதான். ஆயரின் சிறப்பு அனுமதி இருந்தால் விலக்கு உண்டு. ஐந்து மணிக்கு வையுங்கள், விருந்தை எட்டுக்கு வையுங்கள்.

கே: கல்யாணத்தன்று கோயிலில் கவனிக்க வேண்டியது என்ன?

ப: ஃபோட்டோகிராஃபர் பீடத்தில் ஏறக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சினிமாப் பாட்டு வேண்டாம் என்று பாடகர் குழுவே சொல்லிவிடும். பதிவேட்டில் கையெழுத்துப் போட இரண்டு சாட்சிகளை முதல் வரிசையில் உட்கார வையுங்கள், சாப்பாட்டுப் பந்திக்கு ஓடிப்போனவர்களைத் தேடிக் களைத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி 90 நாட்களுக்குள் அரசுப் பதிவும் செய்ய வேண்டும், கோயில் சான்றிதழ் கையில் இருந்தால் அது சுலபம்.

தாலியும் மோதிரமும் யார் கையில் என்பதை முந்தின இரவே கேளுங்கள். என் தம்பி கல்யாணத்தில் தாலி மண்டபத்தில் சீர்வரிசைத் தட்டில் இருந்தது, மைத்துனர் பைக்கில் போய் எடுத்து வரும் வரை ஃபாதர் மறையுரையை நீட்டிக்கொண்டே இருந்தார். கானாவூர்க் கல்யாணத்தில் ஆரம்பித்தவர் நோவாவின் பேழை வரை போய்விட்டார்.