புத்தகம் எழுத வேர்டு போதாதா? ஸ்க்ரிவனர் எதற்கு?

ஸ்க்ரிவனர் என்பது நீளமான எழுத்தைத் துண்டு துண்டாக எழுதி, மாற்றி அடுக்கி, திருத்த உதவும் மென்பொருள். 2007-இல் மேக் கணினிக்கு வந்தது, இப்போது விண்டோஸுக்கும் இருக்கிறது.

வேர்டிலும் தாராளமாக எழுதலாம். ஆனால் 300 பக்கம் ஒரே நீட்டாகக் கிடக்கும்போது மூன்றாம் அத்தியாயத்தை ஏழாவதுக்குப் பின்னால் தள்ளிப் பார்க்கவே மனசு வராது, அப்படியே முதலில் எழுதிய வரிசையிலேயே புத்தகம் நின்றுவிடும். திருப்பூர் பனியன் கம்பெனியில் கை, முன்பக்கம், பின்பக்கம் எல்லாம் தனித்தனியாக வெட்டி வைத்து அப்புறம்தானே தைக்கிறார்கள்? கையில் பழுது என்றால் அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் போதும். ஸ்க்ரிவனரும் அதே முறைதான்.

இதில் ஒவ்வொரு துண்டும் திரையில் ஓர் அட்டையாகத் தெரியும். காலிங்கராயன் வாய்க்காலைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். பவானி அணைக்கட்டு ஓர் அட்டை, ஈரோட்டுச் சாயக்கழிவு ஓர் அட்டை, மஞ்சள் வயல் இன்னொன்று. அட்டையை இழுத்து இடம் மாற்றினால் அதற்குரிய பக்கங்களும் கூடவே நகரும். கல்வெட்டுப் படம், பெரியவர்களிடம் எடுத்த பேட்டி ஒலிப்பதிவு எல்லாவற்றையும் அங்கேயே போட்டு வைத்து, பக்கத்தில் திறந்து பார்த்துக்கொண்டே எழுதலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஸ்னாப்ஷாட், அதாவது ஒரு துண்டு அந்த நேரத்தில் இருக்கும் வடிவத்தை அப்படியே சேமித்து வைப்பது. திருத்துவதற்கு முன் ஒன்று எடுத்துக்கொண்டால் பத்தி பத்தியாகத் தைரியமாக வெட்டலாம், பிடிக்கவில்லையா, பழைய வடிவத்துக்கே திரும்பிவிடலாம். முடிந்ததும் கம்பைல் கொடுத்தால் எல்லாத் துண்டும் ஒரே வேர்டு அல்லது பிடிஎஃப் கோப்பாக வந்துவிடும்.

ஸ்னாப்ஷாட்டையே பேக்கப் என்று பலர் நினைக்கிறார்கள், அது அதே கோப்புக்குள் இருப்பதால் டிஸ்க் போனால் சேர்ந்தே போய்விடும், பென்டிரைவில் தனியாக ஒரு நகல் கட்டாயம் வையுங்கள்.