கலப்புப் படை கட்டலாம் வாங்க, கேள்வி பதில்

மாயவரம்: அண்ணே, மேசைப் போர் ஆட்டத்துக்கு நாலு இடத்துல வாங்கின படைவீரர் பொம்மை கலந்து கிடக்கு. 28 மி.மீ. உயர பிளாஸ்டிக், பழைய ஈயம், கொஞ்சம் ரெசின் (அச்சுல ஊத்தி வார்த்த பிசின்). ஒரே படையா தெரிய வைக்க முடியுமா?

முடியும் தம்பி. மேசைக்கு மூணடி தள்ளி நின்னா மூஞ்சியா தெரியுது, காலடிதான் தெரியும். எல்லாத்துக்கும் ஒரே பேஸ் (காலுக்கு அடியில ஒட்டற தட்டு), ஒரே மண்ணு, விளிம்புக்கு ஒரே கலர். நான் கொள்ளிடத்து மணலை டீ வடிகட்டில சலிச்சு ஃபெவிகால்ல ஒட்டி, காஞ்சதும் பழுப்பு அடிச்சு, தேங்காய் நாரைப் பொடிசா நறுக்கி நட்டுடுவேன், அறுத்த வயல்ல நிக்கிற தாள் மாதிரியே இருக்கும். அப்புறம் படை முழுக்க பொதுவா ஒரு நிறம். என்னுது காவி, எலும்புக்கூட்டு இடுப்புத்துணியிலயும் ஓர்க்ங்கிற கதை அரக்கன் கேடயத்துலயும் அதே காவிதான். கிங்ஸ் ஆஃப் வார்ங்கிற ஆட்டம் ஆடினா இன்னும் சுலபம், 20 மி.மீ. பேஸ் காலாள் 20 பேர் ரெஜிமெண்ட்டுக்கு (படைப்பிரிவு) 100க்கு 80 மி.மீ. ஒரே பலகை, அடி வாங்கினாலும் ஆளை எடுக்கறதில்ல. ஈயத்தை அரத்தால ராவி தூசியை மூக்குல ஏத்திக்காதீங்க, கை கழுவிட்டு சாப்பிடுங்க.

திருவாரூர்: எந்தப் பசை சார்?

பிளாஸ்டிக்குக்கு பிளாஸ்டிக் சிமெண்ட், ஈயம் ரெசினுக்கு சூப்பர் குளூ. வளையற திருவிழாக் கடை பொம்மைக்கு ரெண்டையும் நம்பாதீங்க, ஓட்டை போட்டு கம்பி சொருகுங்க.

கும்பகோணம்: 1/72 (நிஜத்துல 72ல ஒரு பங்கு) யானை 28 மி.மீ. ஆளோட சேருமா?

ஒன்பதடி யானை அந்த அளவுல 38 மி.மீ. வரும். ஆள் 30. பெட்டை யானைன்னு ஓட்டிடலாம்.

வலங்கைமான்: பெட்டைக்கு ஏது சார் தந்தம்? எங்க கோயில் யானை பக்கத்துல நின்னா பாகன் தலை அதோட தோளுக்குக் கீழதான்.

தந்தத்தை வெட்டிட்டேன் சார்.

வலங்கைமான்: அப்பவும் சின்னதுதான்.

சரி, பாறை மேல ஏத்தி நிறுத்துங்க, 8 மி.மீ. தெர்மாகோல் போதும். அதுக்கும் ஒத்துக்கலைன்னா அது யானையே இல்ல, பூதத்தோட வாகனம், முடிஞ்சுது.

தஞ்சாவூர்: அண்ணா, ரெண்டு மிருகத்தை ஒட்டினா அசிங்கமா வருது.

தாராசுரம் போய் அந்த ரிஷப குஞ்சரத்தைப் பாரும்மா, காளையும் யானையும் ஒரே தலை, 12ஆம் நூற்றாண்டு வேலை. ஒரு பக்கம் மூடினா காளை, மறுபக்கம் மூடினா யானை. ரெண்டுக்கும் பொதுவா ஒரு வளைவைப் பிடிச்சிருக்கான் சிற்பி. நீயும் வெட்டறதுக்கு முன்னாடி கழுத்து வளைவு எங்க ஒத்துப்போகுதுன்னு பாரு, அங்க வெட்டு, கம்பி சொருகு, இடுக்குல எம்-சீல் அடைச்சு இறுகறதுக்குள்ள ஈர விரலால ரோமம் இழு. ரெசினைத் தேய்க்கிறப்ப தண்ணி தொட்டுத் தேய், மாஸ்க் போடு.

பட்டுக்கோட்டை: எந்தப் பசை நல்லது?

மேல படிங்க.

நாகப்பட்டினம்: ஸ்ப்ரே பிரைமர் (கலருக்கு முன்னாடி அடிக்கிற முதல் பூச்சு) இப்ப அடிக்கலாமா?

ஐப்பசில அடிக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது! போன வருஷம் அவசரப்பட்டு மாடில 12 குதிரைவீரனுக்கு அடிச்சேன், ஈரக்காத்துல விபூதி பூசின மாதிரி வெளுத்துடுச்சு. பிரஷ்ல பூசற பிரைமர் வாங்குங்க.

நாகப்பட்டினம்: இன்னைக்கு வெயில் அடிக்குதே சார்?

கொடில போட்ட ஜீன்ஸ் பேண்ட் காஞ்சுதா பாருங்க. இடுப்புப் பட்டி ஈரமா இருந்தா டப்பாவைத் தொடாதீங்க.